சாம்பல் நிற அலமாரிகளுக்கு எந்தச் சுவர் வண்ணம் எடுப்பாக இருக்கும்?

கோவையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குச் சுவர் வண்ணம் முடிவாகாமல் வேலை அப்படியே நிற்கிறது. அலமாரிகள் மேலும் கீழும் பளபளப்பில்லாத சாம்பல் நிற லேமினேட். கடையில் வெறும் சாம்பலாகத் தெரிந்தது, வீட்டில் மாட்டியபின் நீலம் தட்டுகிறது. மேடை கறுப்பு கிரானைட், அதற்கு மேல் இரண்டடிக்கு வெள்ளை டைல்ஸ், தரை தந்த நிறம். ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. நேர் வெயில் விழாது. விளக்கு 6500 கெல்வின் எல்இடி, அதாவது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்.

அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாதிரி பூசிப் பார்த்தோம். தூய வெள்ளை பூசியதும் அலமாரியின் நீலம் இன்னும் தூக்கலாகிவிட்டது. வெளிர் மஞ்சள் பகலில் நன்றாகத்தான் இருந்தது; இரவில் விளக்கைப் போட்டால், அலமாரியை ஒட்டிய ஓரம் மட்டும் பச்சை கலந்து பழைய எண்ணெய்க் கறை போலத் தெரிகிறது. அதைவிடக் கொஞ்சம் மஞ்சள் கூடிய 4000 கெல்வின் விளக்கு மாட்டிப் பார்த்ததில் கொஞ்சம் தேவலை, ஆனால் பச்சை முழுதாகப் போகவில்லை. பெயின்டர் பீச் நிறம் என்று ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

தாளிக்கும் இடம் என்பதால் துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷன் பெயின்ட்தான், அதில் குழப்பமில்லை. அலமாரியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

வடக்கு வெளிச்சச் சமையலறையில், நீலம் தட்டும் சாம்பலுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ திரியாத இதமான வெளிர் நிறம் எதையாவது உங்கள் வீட்டில் பூசியிருந்தால், அதன் பெயரோ எண்ணோ சொல்ல முடியுமா?