மறு: ‘கொடிக்கீழ்த் திரளல்’ சரிவருமா? – கலைச்சொல் விவாதம்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம்.

மார்த்தாண்டத்திலிருந்து டீச்சர் நேற்று கேட்டிருந்தார்:

> இளங்கலை அரசியல் அறிவியல் பாடத்துக்குச் சொல் தொகுக்கிறோம். ‘ரேலி ரவுண்ட் தி ஃபிளாக் எஃபெக்ட்’ என்பதற்குக் ‘கொடிக்கீழ்த் திரளல் விளைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் புரியுமா?

புரியும் டீச்சர். ஆனால் வேறொன்றாகப் புரியும், அதுதான் என் கவலை.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொடி என்றால் இரண்டுதான். ஒன்று, கோட்டாறு சவேரியார் கோயிலிலும் சுசீந்திரத்திலும் திருவிழாவுக்கு ஏற்றுகிற கொடி. மற்றது கட்சிக்கொடி. ‘கொடிக்கீழ்த் திரளல்’ என்று படித்ததும் நாகர்கோவில் மாநாட்டுப் பந்தல்தான் அவர்கள் நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவதோ அதற்கு நேர் எதிரானது. போர் மூண்டதும் மக்கள் அவரவர் கட்சிக்கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு, நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்த தலைவரின் பின்னால் நிற்பதைத்தான் அந்த ஆங்கிலத் தொடர் குறிக்கிறது. அங்கே கொடி என்றால் தேசியக்கொடி என்பது சொல்லாமலே விளங்கும். தமிழில் அது விளங்காது.

கருத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் சொல் கிடைக்கும். இதை அளந்து காட்டியவர் ஜான் முல்லர் என்ற அமெரிக்க அறிஞர். ட்ரூமன் முதல் ஜான்சன் வரையிலான ஜனாதிபதிகளின் செல்வாக்கைக் கருத்துக்கணிப்புகளில் ஆராய்ந்து 1970இல் எழுதினார். எந்த நிகழ்ச்சி இப்படி மக்களைத் திரட்டும் என்பதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் முக்கியமானவை. அது வெளிநாடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், நாட்டையும் ஜனாதிபதியையும் நேராகத் தொட வேண்டும், குறிப்பிட்ட ஒரு சம்பவமாகத் திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அப்புறம், இந்த விளைவை அவர் எப்படி அளந்தார் என்று பாருங்கள். கடைசியாக நடந்த அப்படியொரு நிகழ்ச்சிக்குப் பிறகு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எண்ணினார். நாள் ஆக ஆக ஆதரவு வடியும் என்பது அந்த அளவையிலேயே இருக்கிறது. ‘திரளல்’ என்று மட்டும் சொன்னால் அந்த வடிதல் சொல்லில் வராமலே போய்விடும்.

எண்களைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2001 செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குக் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 51 விழுக்காடு ஆதரவு. இரட்டைக் கோபுரம் விழுந்து பத்து நாளில் அது 90. அவருடைய அப்பா 1991இல் வளைகுடாப் போர் முடிந்தபோது 89இல் நின்றார். அடுத்த ஆண்டு நவம்பரில் தேர்தலில் தோற்றார். இடையில் வந்தது வேலையின்மையும் மந்தமும். 1961இல் கியூபாவின் பன்றி விரிகுடாவில் கென்னடி அனுப்பிய படை படுதோல்வி அடைந்தது. அவருடைய ஆதரவோ 83க்கு ஏறியது. வெற்றிக்குத்தான் இந்த ஏற்றம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. தோல்விக்கும் ஏறும்.

முல்லர் பொருளாதாரத்தையும் கணக்கில் எடுத்தார். தான் பதவிக்கு வந்தபோது இருந்ததைவிட வேலையின்மை கூடினால் ஜனாதிபதியின் செல்வாக்கு குறைகிறது. நிலைமை நன்றாக ஆனால் அதற்கேற்ப ஏறுவதில்லை. நம் ஊர்க் கிழவிகள் கணக்கும் இதேதான். அரிசி விலை குறைந்ததற்கு எந்த அரசாங்கத்தையும் யாரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை.

இதை அமெரிக்காவில் வைத்தே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டும் படிப்பார்கள். 1965ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானோடு போர், கூடவே தானியத் தட்டுப்பாடு. வாரம் ஒரு வேளை, திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி கேட்டார். எங்கள் வீட்டில் பாட்டா அதைக் கடைப்பிடித்தார் என்று அம்மா சொல்வாள். திங்கள் சாயங்காலம் அடுப்பில் சாம்பலை அள்ளிவிட்டு, பாட்டி அதன் மேல் கோலமாவை ஒரு இழுப்பு இழுத்துவிடுவாளாம், இன்றைக்கு மூட்டுவதில்லை என்பதற்கு அடையாளமாக. பசித்த பிள்ளைகளுக்கு மட்டும் மத்தியானம் அவித்த மரச்சீனிக் கிழங்கில் மிச்சம் கிடைக்கும். பாட்டா வெறும் சீரக வெள்ளத்தைக் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்போது நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆயிற்று. மழையும் பொய்த்தது. 1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தபோது தமிழ்நாட்டில் எல்லோர் வாயிலும் ‘ரூபாய்க்கு மூன்று படி’ அரிசி என்ற தி.மு.க. வாக்குறுதிதான். மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி போயிற்று, விருதுநகரில் காமராசரே 1,285 வாக்கில் தோற்றார். மக்களவையில் காங்கிரஸ் 361 இடத்திலிருந்து 283க்கு இறங்கியது. தோல்விக்கு மொழிப்போரும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்து பதினேழு மாதத்தில் ஆதரவு எங்கே போயிற்று என்று கேட்டால் அரிசியைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பாட்டா அந்தத் தேர்தலில் யாருக்குப் போட்டார் என்று கடைசிவரை சொல்லவில்லை. திங்கள் இரவு அடுப்பு எப்போதோ மறுபடி எரியத் தொடங்கியது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது.

நானே கண்ணால் பார்த்தது 1999. அதற்கு முந்தின ஆண்டு பல்லாரி வெங்காய விலை ஏறிக் கிடந்தபோது, வடசேரியில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் டெல்லி அரசாங்கத்தைத் திட்டாமல் யாரும் படியிறங்கியது கிடையாது. கார்கிலில் சண்டை தொடங்கியதும் கடைக்காரர் அண்ணாச்சி ஒரு போர்ன்விட்டா டப்பாவின் மூடியைக் கத்தியால் கீறி, ராணுவ வீரர் நிதிக்கு என்று காகிதம் ஒட்டித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியின் கீறல் சரியாக வளையவில்லை. எட்டணாவைச் சாய்த்துத்தான் போட வேண்டும். திட்டியவர்களே வரிசையாகப் போட்டார்கள். பாக்கிச் சில்லறையைக் கையில் வாங்காமல் ‘அதில போடும்’ என்றார்கள். ஐப்பசி மழைக்குள் டப்பா போய்விட்டது, அந்த இடத்தில் பழையபடி விலை எழுதிய சிலேட்டு வந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் வாஜ்பாய் மறுபடி பிரதமரானார். அவர் கட்சிக்கு 1998இல் கிடைத்தது 182 இடம். போருக்குப் பிறகு நடந்த தேர்தலிலும் அதே 182.

ஒருவர் ‘நெருக்கடித் திரட்சி’ என்று பரிந்துரைத்திருந்தார். அதை நான் ஏற்க மாட்டேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. சுனாமிக்குப் பிறகு அதைவிடப் பெரிய நெருக்கடியை நம் கடற்கரை பார்த்ததில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராக ஆட்கள் கடலில். சனம் திரளத்தான் செய்தது, ஆனால் தலைவர்களுக்குப் பின்னால் இல்லை. தேடும் பணி போதவில்லை என்று டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். எதிரி என்று வெளியே காட்ட ஆளில்லாத நெருக்கடியில் கேள்வியெல்லாம் ஆட்சியாளரை நோக்கித்தான் திரும்பும். முல்லரின் நிபந்தனைகள் எவ்வளவு கறாரானவை என்பது எனக்கு ஒக்கியில்தான் உறைத்தது.

சரி, என் பரிந்துரை: ஆதரவோதம். ஆதரவு + ஓதம். கடல் பெருகி வருவதற்கு ஓதம் என்பது பழைய சொல். ஓதம் ஏறும்போது கடலில் புதிதாகத் தண்ணீர் ஊறுவதில்லை, இருக்கிற தண்ணீர் கரைக்கு ஏறி வருகிறது, திரும்பிப் போகிறது. போர்க்கால ஆதரவும் அப்படித்தான். கடற்கரைச் சொல் கல்விக்கு ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். காற்றே இல்லாமல் திருடன் மாதிரி ஏறி வரும் அலைப்பெருக்குக்கு நம் மீனவர்களும் கேரளத்து மீனவர்களும் சொல்லும் ‘கள்ளக்கடல்’ என்ற பெயரை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது.

உங்கள் கருத்து வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து.

---

அண்ணனுக்கு வணக்கம்.

கொடியை எடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஆதரவோதத்தில் எனக்குத் தடை இருக்கிறது. இன்று காலை வகுப்பில் ‘ஓதம் என்றால் என்ன?’ என்று கேட்டேன். முப்பது பேரில் இருபதுக்கு மேல் ‘சுவரில் ஏறும் ஈரம்’ என்றார்கள். மழைக்காலத்தில் நம் ஊரில் எந்த வீட்டில் ஓதம் இல்லை? ஒரு பையன் எழுந்து, அது ஆண்களுக்கு வரும் வீக்கம், தாத்தாவுக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்றான். வகுப்பு அப்புறம் அடங்கவில்லை. கடலைச் சொன்னது நித்திரவிளைப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள்தான், அவர்களும் ‘வேலியேற்றம்’ என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்று. வேலியேற்றம் தினமும் வரும், நேரம் சொல்லிவைக்கலாம். போர் அப்படி வருவதில்லையே.

மூன்றாவது, கருத்துக்கணிப்பு இல்லாத காலத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா? பிள்ளைகள் திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியைக் கேட்கிறார்கள். சர்ச்சிலையும் கேட்கிறார்கள்: போரை ஜெயித்தவர் எப்படித் தோற்றார் என்று.

---

டீச்சர், ஓதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சுவர் ஈரம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டு வடக்குச் சுவரிலேயே இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு பிள்ளைகள் சொன்னதில் விடை இருக்கிறது. வேலியேற்றம் என்றால் கூடவே வேலியிறக்கமும் உண்டு. அந்த அச்சில் வார்த்தால் திரள்வு + ஏற்றம், திரள்வேற்றம். அது வடிவது திரள்விறக்கம். தோவாளையில் கடலையே அன்றாடம் பார்க்காத பிள்ளைக்கும் பூ விலையின் ஏற்ற இறக்கம் தெரியும். கடலின் நேர ஒழுங்கு இதில் இல்லை, ஆகவே உங்கள் இரண்டாவது தடையும் விழுகிறது. ‘ஆதரவேற்றம்’ என்று வைக்கலாமே என்று யாராவது கேட்பார்கள். இலவசம் கொடுத்தாலும் ஆதரவு ஏறும். திரள்வு என்றால்தான் பிரிந்து நின்றவர்கள் கூடி வருவது தெரியும்.

வேலுத்தம்பி பற்றி. 1799இல் கட்டாய வசூலுக்கு எதிராகச் சனத்தைத் திரட்டித் திவானை இறக்கியவர் தலக்குளத்துக்காரரான அவர்தான். 1804இல் அவரே தளவாயாக, அதாவது முதலமைச்சராக இருந்து படையாட்களின் படிப்பணத்தைக் குறைக்கப் போனார், படை அவருக்கு எதிராகத் திரும்பியது. 1809 ஜனவரியில் குண்டறா விளம்பரம் என்ற அறிவிப்பை வெளியிட்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக மக்களை அழைத்தார், பிப்ரவரியில் ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது. போரும் பணமுடையும் தலைமையை எப்படி இழுக்கும் என்று காட்ட நம் மாவட்டத்தில் இதைவிட நல்ல பாடம் இல்லை. கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் திரள்வேற்றம் என்ற சொல்லை அங்கே போட வேண்டாம். முன்னும் பின்னும் அளந்து பார்த்தால்தான் ஏற்றம் என்று சொல்ல முடியும்.

சர்ச்சிலின் கதை வேறு. 1945 மே மாதக் கணிப்பில் அவருக்கு 83 விழுக்காடு ஆதரவு இருந்தது. ஜூலையில் மக்கள் வீடும் வேலையும் தருவோம் என்ற தொழிற்கட்சிக்கு 393 இடம் கொடுத்தார்கள். போரில் தலைவராக அவரை ஏற்றார்கள், சமாதானத்தில் ஆள வேறு கட்சியை எடுத்தார்கள். இங்கே இறங்கியது அவர் மேலிருந்த மதிப்பு இல்லை. அதனால் இதைத் திரள்விறக்கத்துக்கு உதாரணமாகப் போடாதீர்கள். அதற்கு 1971 வங்கதேசப் போர் இருக்கிறது. டிசம்பர் வெற்றிக்குப் பிறகு இந்திராவுக்கு எதிரே யாரும் நிற்க முடியவில்லை. வறட்சியும் 1973 எண்ணெய் விலையேற்றமும் வந்து, 1974இல் மொத்த விலைவாசி 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறி, மே மாதம் ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு வந்தது. கடலுக்கு அப்பால் இலங்கையும் இருக்கிறது. 2009 மே மாதம் போர் முடிந்தது, 2010 ஜனவரியில் மகிந்த ராஜபக்ச பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தப் போரில் பாதுகாப்புச் செயலாளராக இருந்த தம்பி கோத்தபாய, 2022 ஜூலையில் டீசலும் மருந்தும் இல்லாத சனத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடினார்.

போரே போதும் என்று மக்கள் அலுத்துப்போவதற்குத் தனிச் சொல் வேண்டும். ‘போர்ச்சலிப்பு’ என்று வைத்திருக்கிறேன். கொரியப் போர் இழுத்துக்கொண்டே போனபோது ட்ரூமன் 1952இல் 22 விழுக்காட்டில் நின்றாரே, அதில் போர்ச்சலிப்புக்குப் பெரிய பங்கு. இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.

பதிவு இப்படி இருக்கலாம்:

திரள்வேற்றம் – பெ. போர் அல்லது வெளிநாட்டு மோதல் திடீரென மூளும்போது, கட்சி வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு மக்கள் ஆட்சித் தலைவருக்குப் பின்னால் நிற்பதால் அவருடைய ஆதரவு விழுக்காட்டில் ஏற்படும் தற்காலிக உயர்வு. எ-டு: 1991இல் எழுந்த திரள்வேற்றம் அடுத்த ஆண்டுத் தேர்தல்வரை நிற்கவில்லை.

‘தற்காலிக’ என்பதை மட்டும் யார் கேட்டாலும் வெட்டிவிடாதீர்கள் டீச்சர். நாளை வகுப்பில் அந்த நித்திரவிளைப் பிள்ளைகளிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். அவர்கள் வாயில் எளிதாக வருகிறதா என்று தெரிந்த பிறகு பட்டியலில் ஏற்றலாம்.