செலக்டிவ் களைக்கொல்லி (சில வகைச் செடிகளை மட்டும் கொல்லும் மருந்து) அடித்த வயலில் நீங்கள் பார்த்தது என்ன?

மானூர்க்காரன்:
பக்கத்து வயல்காரர் நெல்லில் கோரைக்கு 2,4-டி அடித்தார். உச்சி வெயில், காற்று எங்கள் பருத்தியைப் பார்த்து. சில நாள் கழித்துப் போனால் கொழுந்து இலை ஒன்றுகூடப் பருத்தி இலையாக இல்லை. வெண்டை இலை மாதிரி விரல் விரலாகப் பிளந்து, நரம்பெல்லாம் நெருங்கி, ஓரம் சுருண்டு கிடந்தது. அடியில் இருந்த முற்றின இலைக்கு ஒன்றும் இல்லை. போய்க் கேட்டால், "செலக்டிவ் மருந்துதானே தம்பி, பயிரை ஒன்றும் செய்யாது" என்கிறார். நெல்லை ஒன்றும் செய்யாது, சரி. பருத்தி அகன்ற இலைச் செடி. அந்த மருந்து கொல்வதே அந்த வகையைத்தானே? அவர் சொன்னதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அம்பை பிசானம்:
எங்கள் பக்கம் கதை வேறு. அம்பை 16 ரக நெல் நட்டிருந்தோம். அதே மருந்துதான். கோரை சாய்ந்தது, ஆரை முறுக்கிக்கொண்டு கருகியது, குதிரைவாலிப் புல் மட்டும் ஜம்மென்று நின்றது. போலி மருந்து கொடுத்துவிட்டான் என்று சித்தப்பா கடைக்குச் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். ஆச்சி வரப்பில் குத்தவைத்து, நெல்லில் ஒன்று புல்லில் ஒன்று பிடுங்கி, இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துக் காட்டினாள். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் மயிர் முளைத்த சின்னக் காது. புல்லில் இரண்டும் இல்லை, வழவழவென்று இருந்தது. அது ஒன்றை விட்டால் இரண்டும் ஒரே சாடை. நெல்லும் புல் சாதிதான். நெல்லை விடுகிற 2,4-டி இதையும் விட்டுவிட்டது. மருந்தில் கோளாறு இல்லை.

வாய்க்கால்கரை:
மானூர் அண்ணாச்சி, மருந்து மேல் பழி போடாதீர்கள். உங்கள் பக்கத்து வயல்காரர் அடித்தது 2,4-டியில் எஸ்டர் வகையாக இருக்கும். வெயிலில் ஆவியாகித் தள்ளியிருக்கும் வயலுக்கும் போகும். சோடியம் உப்பு, அமைன் உப்பு அவ்வளவு ஆவியாகாது, ஆனால் காற்றில் தெறிக்கும் துளிக்கு எல்லாம் ஒன்றுதான். நான் பார்த்தது எங்கள் ஊர் நாற்றங்காலில். விதைத்த சூட்டோடு பிரெட்டிலாகுளோர் என்ற களைக்கொல்லியை வெறுமனே போட்டு, முளைத்த நெல் மேலே வரவே இல்லை. நட்ட வயலில் அதே மருந்து நெல்லைத் தொடாது. நாற்றங்காலுக்கும் நேரடி விதைப்புக்கும் சேஃப்னர் (நெல்லை மருந்திலிருந்து காக்கும் சேர்மானம்) கலந்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும், விதைத்த மூன்றாம் நான்காம் நாள் போட வேண்டும். அம்பைக்காரருக்கும் சொல்கிறேன்: குதிரைவாலிக்கு பிஸ்பைரிபேக் சோடியம் இருக்கிறது. புல் இரண்டு மூன்று இலையில் இருக்கும்போதே, தண்ணீரை வடித்துவிட்டு இலை நனைய அடித்து, அப்புறம் தண்ணீர் கட்டுங்கள். கதிர் வந்த புல்லுக்கு அடித்துப் பயனில்லை. 2,4-டிக்குத் தனி ஸ்பிரேயர் வையுங்கள். எவ்வளவு கழுவினாலும் டேங்கில் கொஞ்சம் தங்கும், அடுத்து அதே டேங்கில் கத்தரிக்குப் பூச்சிமருந்து அடித்தால் செடி முறுக்கிக்கொள்ளும்.

அம்பை பிசானம்:
நான் மருந்து கேட்கவில்லையே அண்ணாச்சி. அந்த வருசம் ஆள் விட்டுக் கையால் பிடுங்கினோம். ஆச்சிதான் முன்னால் போனாள்.

மானூர்க்காரன்:
நானும் மருந்தைக் குறை சொல்லவில்லை. எஸ்டரோ உப்போ, பக்கத்தில் பருத்தி நிற்கிறது என்று தெரிந்தே நடுமதியக் காற்றில் அடித்த ஆளைச் சொல்கிறேன். அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காலையில் காற்று அடங்கியிருக்கும்போது அடியுங்கள் என்றாவது கேட்டிருப்பேன்.