முகம் தெரியாத ஆளோடு அரசியல் பேசி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

நொய்யல்காரன்:
2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். டிவியைப் போட்டால் கச்சத்தீவு, போனைத் திறந்தால் கச்சத்தீவு. நானும் சும்மா இருக்கவில்லை. 285 ஏக்கர், தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தம், அதில் நம் மீனவர் அங்கே போய்வருவதைப் பற்றிய ஐந்தாவது பிரிவு, 1976 கடிதப் பரிமாற்றம் என்று எல்லாவற்றையும் படித்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் மடக்கிக்கொண்டிருந்தேன். "தீவு நம்ம கையில இருந்தா நம்ம மீனவனுக்கு இந்தக் கதி வருமா?" என்று ஃபேஸ்புக்கில் ஒரு கமென்ட். லைக் குவிந்தது. கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது.

கீழே ஒருவர் வந்து, "அண்ணை எந்த ஊர்?" என்றார். கோயம்புத்தூர் என்றேன். "கடல் எவ்வளவு தூரம்?" என்றார். கிண்டல் என்று நினைத்துத் தடிப்பாகவே பதில் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. இன்பாக்ஸில் ஒரு போட்டோ அனுப்பினார். சிமென்டுத் தரையில் விரித்துப் போட்ட நீல நைலான் வலை. நடுவில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓரத்தில் ஒரு சின்னப் பையனின் கால் மட்டும் தெரிந்தது. "நான் நெடுந்தீவு, யாழ்ப்பாணப் பக்கம். உங்கட றோலர் வாற நாளில நாங்கள் கடலுக்குப் போறேல்ல. கிழமையில மூண்டு நாள் அப்பிடிப் போகும். தீவைக் கேளுங்கோ, நான் மறிக்கேல்ல. இந்த வலைக்கு ஆர் பொறுப்பு?"

நான் படித்து வைத்திருந்த எந்தப் பிரிவிலும் இதற்குப் பதில் இல்லை. அவர் சொன்ன றோலர் படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையைப் பற்றி அதுவரை ஒரு வரிகூடப் படித்ததில்லை. இலங்கை 2017-லேயே அதைத் தடை செய்துவிட்டது என்பதும் அப்புறம்தான் தெரியும். நம் ஆட்களைச் சுட்டது நியாயம் என்று இப்போதும் நான் சொல்லமாட்டேன். அதை அவரிடமும் சொன்னேன். "அது பிழைதான்" என்றார். அவ்வளவுதான் பேசினோம். என் கமென்ட் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அழிக்கலாம் என்று நாலைந்து தடவை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

எண்ணிக்களைத்தவன்:
உங்களுக்காவது விஷயம் தெரிந்த ஆள் கிடைத்தார். எனக்கு வாய்த்தவர் வேறு ரகம். 2016 நவம்பரில் நான் வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் இருந்தேன். பகல் முழுக்கப் பழைய 500, 1000 எண்ணி விரல் நுனியெல்லாம் கருத்துப்போயிருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வந்து போனை எடுத்தால், புது 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது, 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட் காட்டிக்கொடுக்கும் என்று ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார். "சார், தினமும் கட்டுக் கட்டாத் தொடுறேன், அப்படி ஒண்ணும் இல்லை" என்றேன். "கேஷியர்கிட்டயெல்லாம் சொல்லிட்டா செய்வாங்க?" என்றார். நோட்டை டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் போட்டோ போட்டேன். "அது நானோ. கண்ணுக்குத் தெரியாது." இதற்கு மேல் என்ன பேச?

2023 மே மாதம் அந்த நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த அன்று, மனசு கேட்காமல் அவர் பக்கத்தைத் தேடிப் போனேன். இப்போது தினமும் காலையில் மூட்டுவலிக்கு மூலிகை எழுதுகிறார். நன்றாகத்தான் எழுதுகிறார். அம்மாவுக்காக ஒன்றைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

டீக்கடை பெஞ்ச்:
பெண் பெயரில் எழுதிப் பாருங்கள், அது தனி அனுபவம். 2025 மார்ச்சில், மக்கள்தொகைக்கு ஏற்ப எம்.பி இடங்களை மாற்றிப் பிரிக்கும் தொகுதி மறுவரையறைப் பேச்சு சூடாக இருந்தது. 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் மாநிலங்களின் எம்.பி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்ததையும், 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியதையும் சொல்லி, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாட்டின் 39 இடத்தில் ஏன் கை வைக்க வேண்டும் என்று எழுதினேன். முதல் பதில்: "சமையல் முடிஞ்சுதா சகோ?" இரண்டாவது: "யார் எழுதிக் கொடுத்தது?"

சரி என்று டீ கிளாஸ் படம் வைத்து இந்தப் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினேன். அதே பத்தி, ஒரு கமாகூட மாற்றவில்லை. "செம பாயின்ட் ப்ரோ." "ப்ரோ யுபிஎஸ்சி படிக்கிறீங்களா?" எதிர்த்தவர்களும் விஷயத்தைத்தான் எதிர்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "உத்தரப் பிரதேசத்துல ஒரு எம்.பி-க்கு நம்மளைவிட அதிகம் பேர். அவங்க ஓட்டுக்கு மட்டும் மதிப்பு கம்மியா?" அன்று ராத்திரி ஒரு மணி வரை அவரோடு மல்லுக்கட்டினேன். முழுசாகப் பதில் சொன்னேனா என்றால் இல்லை. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சண்டைதான்.

நொய்யல்காரன்:
பெஞ்ச், "செம பாயின்ட் ப்ரோ" போட்டது நானாகக்கூட இருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

டீக்கடை பெஞ்ச்:
பரவாயில்லை சகோ. சமையல் முடிஞ்சுதா? எண்ணிக்களைத்தவர், அந்த மூலிகை என்ன?

எண்ணிக்களைத்தவன்:
முடக்கத்தான். இது எங்கள் பாட்டியும் சொன்னதுதான், சிப் மாதிரி இல்லை.