தலை நிற்காத குழந்தையும் போட்டோ போஸும்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, போட்டோகிராஃபர்:

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஸ்டூடியோவுக்கு இப்போது பச்சைக் குழந்தையோடு வருபவர்கள் அதிகம். வந்ததும் போனை நீட்டுகிறார்கள். அதில் ஒரு குழந்தை இரண்டு கைகளிலும் தாடையை வைத்து, முழங்கைகளை ஊன்றிக்கொண்டு தூங்குகிறது. “இதே மாதிரி எடுத்துக் குடுங்கண்ணா” என்கிறார்கள். இதைத் தவளை போஸ் என்போம். இது எப்படி எடுக்கப்படுகிறது என்று பெற்றோர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது ஒரு படம் இல்லை, இரண்டு. முதல் படத்தில் உதவியாளர் குழந்தையின் தலையை விரல்களால் பிடித்திருப்பார். அடுத்ததில் தலையை விட்டுவிட்டு மணிக்கட்டுகளைப் பிடித்திருப்பார். அதற்குள் தாடை கைகளின் மேல் பத்திரமாக அமர்ந்திருக்கும். கேமராவை நகர்த்தாமல் இரண்டையும் எடுத்து, போட்டோஷாப்பில் சேர்த்து, பிடித்திருந்த கைகளை அழித்துவிடுவோம். அந்தக் குழந்தை ஒரு நொடிகூடத் தன் தலையைத் தானே தாங்கவில்லை. தாங்கவும் முடியாது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதைச் சுமக்கும் பலம் கழுத்துக்கு வந்திருக்காது.

படத்தில் கை தெரியவில்லையே, குழந்தை தானாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பி அப்படியே வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பயமே அங்கேதான். தலை முன்னால் சாய்ந்து தாடை நெஞ்சில் முட்டினால், மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கிவிடும். இந்த வயதில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன, மூக்கு அழுந்தினாலும் இதே கதிதான். மூச்சு அடைபடும்போது குழந்தை வீறிட்டு அழும் என்று நினைக்காதீர்கள், சத்தமே வராமல் போகலாம். அந்த நேரம் போட்டோ எடுப்பவர் லைட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. இப்படிச் சுருண்ட போஸ்களை வெளிநாட்டில் பிறந்து 5 முதல் 14 நாளுக்குள் எடுக்கிறார்கள். கர்ப்பத்தில் இருந்த சுருட்டல் அப்போது இன்னும் மாறியிருக்காது, தூக்கமும் ஆழமாக இருக்கும். நம்ம ஊரில் முப்பது கழியாமல் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை. அது நல்ல வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரு மாதத்துக் குழந்தை கைகாலை நீட்டி உதைக்க ஆரம்பித்திருக்கும். அதை மடக்கிச் சுருட்டுவது வலுக்கட்டாயம்தான். அந்த வயதுக்கு மல்லாக்கப் படுத்துக் கண் திறந்து பார்க்கிற படமும், அம்மா தோளில் சாய்ந்த படமும் அவ்வளவு அழகாக வரும். போன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள்.

பாலக்கோடு, ஒரு தாய்:

அண்ணா சொன்னதைப் படித்ததும் என் மகளுக்கு நடந்ததை எழுதத் தோன்றியது. அம்மா வீட்டில் இருந்தேன். பெயர் வைப்பதற்கு முன்னால் வீட்டுக்கே வந்து எடுப்பதாக ஒருவர் சொன்னார், வரச் சொன்னோம். மாங்காய் சீசன், வீட்டில் மூங்கில் கூடைகள் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்து உள்ளே மெத்தென்று துணி விரித்து, கட்டில் மேல் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குழந்தையை உள்ளே கிடத்தி, தலையை எடுத்துக் கூடையின் விளிம்பில் சாய்த்தார். கூடைக்கு அடியில் எந்தக் கனமும் இல்லை. தலை பாரத்துக்கு அது அந்தப் பக்கமே லேசாகச் சரிந்தது.

எங்கள் ஆயா ஒரே எட்டில் வந்து கூடையைப் பிடித்துக்கொண்டார். “தல நிக்காத புள்ளைய இப்படிப் போட்டா உரம் உழுந்துடும், எடு” என்றார். அவரோ, “ரெண்டு செகண்ட்தான் பாட்டி, கைய எடுங்க, படத்துல தெரியுது” என்றார். ஆயா கையை எடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்கிறேன்.

அதோடு நிற்கவில்லை. அடுத்து வலைத்துணி மாதிரி ஒன்றால் இறுக்கிச் சுற்றினார். கையில் வசம்பு வளையலும் கருப்பு மணியும் இருந்தன, அதற்கு மேலேயே சுற்றினார். பிரித்தபோது மணி பதிந்த தடம் அப்படியே சிவந்து கிடந்தது. பாதம் இரண்டும் நீலம் பாய்ந்து சில்லென்று இருந்தன. அதற்கப்புறம் எதுவும் எடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். “எல்லா வீட்டிலும் இப்படித்தான் எடுக்கிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லை” என்று சொல்லிக்கொண்டே போனார்.

தெரியாமல் கேட்கிறேன், பாதம் நீலமானது அந்தச் சுற்றினால்தானா?

தர்மபுரி, பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்:

பாலக்கோடு சகோதரிக்கு: பிறந்த முதல் சில நாட்களில் கைப்பாதமும் கால்பாதமும் லேசாக நீலம் காட்டுவது உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் சுற்றிய பிறகு நிறம் மாறியது, தொட்டால் சில்லென்று இருந்தது என்றால் இறுக்கமும் குளிரும் காரணமாக இருக்கலாம். உடனே பிரித்தது சரி. உதடோ நாக்கோ நீலமானால் அது வேறு விஷயம். அப்போது யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108க்கு அடியுங்கள்.

சுற்றும்போது எல்லாரும் கையைப் பார்க்கிறார்கள், இடுப்பை மறந்துவிடுகிறார்கள். கால்கள் மடங்கி அகல விரிய இடம் இருக்க வேண்டும். நேராக நீட்டி இறுக்கிக் கட்டுவதே வழக்கமானால் இடுப்பு மூட்டு சரியாக அமையாமல் போகலாம். நெஞ்சைச் சுற்றியும் இறுக்கம் கூடாது, துணிக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல்கள் நுழைய வேண்டும்.

குழந்தையின் உடல் சூடு 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். போட்டோவுக்காகத் துணியில்லாமல் படுக்க வைத்தால் அது சீக்கிரம் இறங்கிவிடும். பெரியவர்களுக்குக் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிற அறைதான் அதற்குச் சரி. ஏசி வேண்டாம், மேலே நேராக ஃபேன் காற்றும் வேண்டாம். 37 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை, 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, மஞ்சள் காமாலைக்காக விளக்கு வெளிச்சத்தில் இருந்து வந்த குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்காமல் எந்த ஷூட்டும் வேண்டாம். படம் எங்கேயும் ஓடிப் போகாது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தை தூங்க வேண்டும் என்பதற்காகச் சளி மருந்தோ வேறு எந்த மருந்தோ கொடுக்காதீர்கள். வயிறு நிறையப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்தால் தானாகத் தூங்கும். தூங்கவில்லை என்றால் விழித்திருக்கிற படம் எடுங்கள்.

குப்புறப் படுத்திருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வீட்டிலும் அப்படியே தூங்க வைக்கிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 1992இல் குப்புறப் போடாதீர்கள் என்று சொன்ன பிறகு, தூக்கத்தில் திடீரென்று இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே பாதிக்கும் கீழே வந்தது.

ஓசூர், ஒரு அப்பா:

எங்களுக்கு நல்ல அனுபவம்தான், அதையும் பதிவு செய்கிறேன். மார்கழி மாதம், ஓசூர்க் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் போகும் முன்னாலேயே ஸ்டூடியோவில் அறையைச் சூடுபண்ணி வைத்திருந்தார்கள். ஹீட்டரைச் சுவரோரம் தள்ளி வைத்து, காற்று குழந்தை பக்கம் அடிக்காமல் திருப்பியிருந்தார்கள். குழந்தையைப் படுக்க வைக்கிற மெத்தென்ற பெரிய பை, பீன் பேக் என்பார்கள், அது தரையிலேயே இருந்தது. முன்னால் வேறொரு தேதி குறித்திருந்தோம். எடுப்பவருக்குத் தொண்டை கரகரப்பு, தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று அதற்கு முதல் நாளே போன் செய்து கேட்டார்கள். நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

பெரியவன் தம்பியை மடியில் வைத்து எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தான். மூன்று வயதுப் பையன் கையில் எப்படிக் கொடுப்பது? இருவரையும் மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, மேலிருந்து எடுத்தார்கள். என் மனைவியின் கை தம்பியின் மேல் இருந்தது. அந்தக் கையை எடிட்டிங்கில் அழிக்கட்டுமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றோம்.

காரிமங்கலம், ஸ்டூடியோ உதவியாளர்:

ஷூட்டில் என் வேலையே குழந்தையிடமிருந்து கையை எடுக்காமல் இருப்பதுதான். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி, நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தொடுவேன். எங்கள் போட்டோகிராஃபர் அண்ணன் மேலிருந்து எடுக்கும்போது கேமரா வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். குழந்தைக்கு மேலே வைத்து லென்ஸ் மாற்ற மாட்டார். கூடை வைத்தால் அடியில் மணல் பை போட்டுக் கனம் ஏற்றுவோம், தரையில்தான் வைப்போம். கண்ணாடிச் சாமானில் குழந்தையை வைக்கவே மாட்டோம். திடீர்ச் சத்தத்துக்குக் குழந்தை இரண்டு கையையும் விரித்து அதிரும், அந்த ஒரு அதிர்வு போதும் உருண்டு விழ. அதனால் தூங்கினாலும் என் கை அங்கேயே இருக்கும்.

கிருஷ்ணகிரி, போட்டோகிராஃபர்:

எல்லாருக்கும் நன்றி. தொங்கும் தொட்டில் படம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மரக்கிளையில் துணி கட்டி, அதில் குழந்தை தொங்குவது போல வருமே, அதில் குழந்தை தரையில் பீன் பேக்கில் படுத்திருக்கும், துணியின் முடிச்சை மேலே ஒருவர் பிடித்திருப்பார். கிளையைத் தனியாக எடுத்துச் சேர்ப்போம். நிஜமாகவே தொங்கவிட்டு எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள், கொடுத்த அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை.

பணம் பேசும் முன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். தவளை போஸை எத்தனை படமாக எடுக்கிறீர்கள்? குழந்தையைப் பிடிக்க யார் இருப்பார்கள்? எடிட் செய்யாத படத்தையும் காட்டச் சொல்லுங்கள். அதில் பிடித்திருக்கும் கை தெரிய வேண்டும்.

ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கமிருந்து வருபவர்கள் பஸ்ஸில் அலுத்து வந்து இறங்கியதும் படம் எடுக்க நினைக்காதீர்கள். பால் கொடுத்து, குழந்தை ஓய்ந்த பிறகு ஆரம்பிக்கலாம். வசம்பு வளையல், அரைஞாண் கயிறு எதையும் கழற்ற மனசில்லை என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற மாதிரித் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். முடிந்தால் ஆயாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.