அல்சரேடிவ் கொலைடிஸ்: ரத்தம் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

வைகைக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். 27 வயது, கோயம்புத்தூரில் வேலை. போன வருடம் பாதி நாள் வயிற்றுப்போக்குதான், மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். மூலம் என்று சொல்லி ரொம்ப நாள் களிம்பு தடவிக்கொண்டிருந்தான். கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து சதை எடுத்துப் பார்த்த பிறகுதான் அல்சரேடிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வருகிற வியாதி என்று தெரிந்தது, பெருங்குடலின் இடது பக்கம் மட்டும். மெசலமைன் மாத்திரை, ராத்திரி அதே மருந்தை ஆசனவாய் வழியாக ஏற்றும் எனிமா. ரத்தம் நின்றது, எடை ஏறியது, துரையும் "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று இரண்டையும் நிறுத்திவிட்டார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. நாட்டு மருந்தில் வேரோடு போய்விடும் என்கிறார் மாமா. காரத்தால் வந்த வினை என்று அம்மா தயிர்சாதம் தவிர எதையும் கண்ணில் காட்டுவதில்லை. பெண் பார்க்க வேறு ஆரம்பித்திருக்கிறார்கள், பெண் வீட்டில் சொல்வதா மறைப்பதா என்று தினமும் பஞ்சாயத்து. மருந்து நிஜமாகவே வாழ்நாள் முழுக்கவா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழையகுடல்:

சகோதரி, முதலில் தம்பியைப் பிடித்து டாக்டரிடம் அனுப்புங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இது கிருமி வந்து போகிற வியாதி இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்குகிறது, ஏன் என்று முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது. அம்மாவின் மிளகாய் அதைக் கொண்டுவரவில்லை. மெசலமைன் அந்த அழற்சியை அடக்கி வைக்கிறதே தவிர அடியோடு எடுப்பதில்லை. ரத்தம் நின்றிருக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், அதைப் பார்த்து மருந்தை நிறுத்துவது மழையில் நனையவில்லையே என்று குடையை மடக்குவது போல. நிறுத்துகிறவர்களில் நிறையப் பேருக்குத் திரும்ப வருகிறது, அப்படி வரும்போது சில சமயம் இதே மாத்திரைக்குக் கட்டுப்படாமல் ஸ்டீராய்டு வரைக்கும் போய்விடும். அதைப் போட்டால் முகம் வீங்கும், தூக்கம் போகும், சர்க்கரை ஏறும், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட வேண்டும், திடீரென்று நிறுத்தவே கூடாது. அதற்குத் தினமும் மாத்திரை போடுவது எவ்வளவோ மேல்.

மறதிதான் பிரச்சினை என்றால், மூன்று வேளைக்குப் பிரித்துத் தந்திருப்பதை ஒரே வேளையில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும், அபூர்வமாக இந்த மருந்து சிறுநீரகத்தைத் தொடும்.

எனிமா கூச்சம் எல்லோருக்கும் உண்டு. இடது பக்க வியாதிக்கு அது மாத்திரையைவிட நேராகப் புண் மேலேயே போய் நிற்கும் என்பதால்தான் கொடுக்கிறார்கள். கக்கூஸ் போய்விட்டு வந்து, பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்து வெதுவெதுப்பாக்கி, நன்றாகக் குலுக்கி, கீழே பழைய துண்டு ஒன்றை விரித்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து ஏற்றிக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டுத் தூங்கிவிட வேண்டியதுதான். ரத்தம் நின்றபின் எனிமா தேவையா, மாத்திரை மட்டும் போதுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், தம்பி முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்று. தலைவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போடக் கூடாது, அடங்கியிருப்பதை அது கிளப்பிவிடலாம். பாரசிட்டமால் போதும்.

குரோன்ஸ்வாசி:

எனக்கு இருப்பது குரோன்ஸ், உங்கள் தம்பி வியாதிக்கு உடன்பிறப்பு மாதிரியான இன்னொரு குடல் அழற்சி நோய், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில். நம் ஊரில் அந்த இடத்தில் புண் என்றாலே காசநோயா குரோன்ஸா என்று டாக்டர்களுக்கே குழப்பம், இரண்டும் ஸ்கோப்பிலும் பயாப்சியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அதனால் முதலில் டிபி மருந்து கொடுத்துப் பார்த்து, திரும்ப ஸ்கோப் செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது இங்கே வழக்கம். எனக்கும் அப்படித்தான் நடந்தது. உங்கள் தம்பிக்கு அந்தச் சுற்று இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது.

பின்னால் எப்போதாவது இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி எதிர்ப்பு சக்தியை அடக்கும் ஊசி தேவைப்பட்டால், போடும் முன் மார்பு எக்ஸ்ரேயும் டிபி பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி-யும் கட்டாயம் பார்ப்பார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் டிபி அந்த ஊசியில் எழுந்துவிடலாம்.

நாட்டு மருந்து பற்றி மாமாவோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் என்ன இருக்கிறது என்று எழுதாத பொடியும் லேகியமும் வேண்டவே வேண்டாம், சிலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சிலதில் ஈயம், பாதரசம் இருக்கும். சும்மா உடம்பு தேறுகிற மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து.

சாப்பாடு: நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சாதம், இட்லி, தோல் சீவி வேகவைத்த காய், மோர். பச்சைக் காய்கறி, எண்ணெயில் பொரித்தது, பயறு, சுண்டல் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். வருடம் முழுக்கத் தயிர்சாதம் தின்றால் இரும்பும் புரதமும் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே ரத்தம் போன உடம்பு, ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டுபிள்ளைக்காரி:

கல்யாணம் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அல்சரேடிவ் கொலைடிஸ் கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. பெரியவர்கள் பேச்சை விட்டுவிட்டு நானே அவரிடம் போனில் சொன்னேன். சொல்லத்தான் வேண்டும் தங்கச்சி. ராத்திரி எனிமாவும், ஃபிரிட்ஜ் மேல் மாத்திரை டப்பாவும், பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு தடவை பாத்ரூம் ஓடுவதும் ஒரே வீட்டில் எத்தனை நாள் மறையும்? சொன்னதும் பின்வாங்குகிற சம்பந்தம் முன்னாலேயே போவது நல்லது. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபேக்கு இதே வியாதிதான், 2007-இல் உடம்பு முடியாமல் பதவியை விட்டவர் 2012-இல் திரும்ப வந்து 2020 வரை இருந்தார். பெண் வீட்டாரிடம் அதையும் சொல்லிவையுங்கள், தப்பில்லை.

குழந்தை பற்றி ஒரு விஷயம். மெசலமைனுக்குப் பதில் விலை குறைவு என்று சல்பாசலசைன் எழுதிக் கொடுப்பதுண்டு. அது ஆண்களுக்கு விந்தணுவைக் குறைக்கும், நிறுத்தினால் திரும்ப ஏறிவிடும். கல்யாணமாகப் போகிற பையன் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. பெண்களுக்கு, நோய் அடங்கியிருக்கும்போது கர்ப்பமாவதுதான் நல்லது, மெசலமைனைக் கர்ப்பத்திலும் தொடரலாம், நான் தொடர்ந்தேன்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி, அக்கா உங்களுக்கும். தம்பியிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன், சனிக்கிழமை டாக்டரிடம் போக ஒப்புக்கொண்டான். அவன் ஒன்று கேட்கிறான்: முன்பு மாத்திரை மலத்தில் அப்படியே முழுசாக வந்ததாம், அப்படியென்றால் மருந்து உள்ளே போகவே இல்லையா, அதனால்தான் நிறுத்தினேன் என்கிறான்.

பழையகுடல்:

சில சமயம் மேல் ஓடு மட்டும் அப்படி வரும், உள்ளே காலியாக இருக்கும், கவலை இல்லை. மருந்து பெருங்குடல் போய்ச் சேரட்டும் என்று அந்த ஓட்டைப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் உடைக்காமல் மெல்லாமல் விழுங்கச் சொல்வது. ஆனால் உடையாத மாத்திரை அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லி வேறு வகை கேட்கட்டும்.

சனிக்கிழமை போகும்போது மலத்தில் கால்புரொடெக்டின் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உள்ளே அழற்சி இருக்கிறதா என்று அது காட்டிவிடும், கிராமுக்கு 250 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் பெரும்பாலும் இருக்கிறது. வியாதி தொடங்கி 8 வருடம் ஆனதும் புற்றுநோய் கண்காணிப்புக்காக ஸ்கோப் ஆரம்பிப்பார்கள், அந்த வருடத்தை ஃபைலில் இப்போதே குறித்துவையுங்கள். நடுவில் ஒரு நாளைக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நெஞ்சுப் படபடப்போ இருந்தால் சனிக்கிழமை, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.