வன்னியின் காய்ச்சல் கணக்கும் செயற்கை நுண்ணறிவும்: வழிகாட்டல் தேவை

கேள்வி (பல்கலைக்கழக மாணவி, கிளிநொச்சி):
தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கைகளிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் டெங்கு, எலிக்காய்ச்சல் எண்ணிக்கைகளைத் தொகுத்து, மழைவீழ்ச்சியுடன் இணைத்து, நோய் பெருகுமுன் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை உருவாக்க முயல்கிறேன். பல வாரங்களில் எண்ணிக்கை பூச்சியமாகவே உள்ளது. அதனை நோயின்மை என்று கொள்ளலாமா?

பதில் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர், முல்லைத்தீவு):
தங்கைக்கு வணக்கம். அவ்வாறு கொள்ள வேண்டாம். அறிவித்தல் வரவில்லை என்பதையே பூச்சியம் சொல்கிறது. சந்தேகம் எழுந்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதன் பின்னரே நாங்கள் வீடு தேடிச் சென்று விசாரிக்கிறோம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுபடியும் வயலில் இறங்குபவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் அந்த முகவரியைக் கொடுத்தால், முல்லைத்தீவின் முத்தையன்கட்டு வயலில் தொற்றிய எலிக்காய்ச்சல் யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவாகிவிடும். ஆகவே கிராம அலுவலர் பிரிவு, தொழில், காய்ச்சல் தொடங்கிய நாள் ஆகியவை இல்லாத மாதிரியை நான் நம்பமாட்டேன். மழையுடன் காலபோக விதைப்பு, அறுவடை நாட்களையும் சேருங்கள். எந்தக் கிராமத்து விவசாயிகளுக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை முதலில் போய்ச் சேர வேண்டும் என்று உங்கள் மாதிரி சொல்லுமானால், அது உயிர் காக்கும் உதவி.

பதில் (தரவு ஆய்வாளர், வவுனியா):
தேடற்சொற்களைக் கொண்டு இன்புளுவென்சாவைக் கணிக்க கூகிள் 2008இல் தொடங்கிய திட்டம், 2012–2013 குளிர்காலத்தில் அமெரிக்க நோயாளர் அளவை ஏறத்தாழ இருமடங்காகக் காட்டியது. சிறிய எண்ணிக்கைகளில் தவறு இன்னும் எளிது. எத்தனை பேர் நோயுறுவர் என்று கணிப்பதை விட்டு, இந்த வாரம் வழமைக்கு மாறானதா என்று மட்டும் கேளுங்கள். முந்தைய ஆண்டுகளின் அதே வாரச் சராசரியைக் கொண்டு சொல்வதைவிடத் துல்லியமாகச் சொல்லாத மாதிரியால் பயனில்லை.

பதில் (பூச்சியியல் உதவியாளர், மன்னார்):
மலேரியாவையும் நினைத்துப்பாருங்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. நோயாளர் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கும் எந்த இயந்திரத்துக்கும் அது தெரிந்திருக்காது. கிணறுகளில் நுளம்பின் குடம்பி (புழு) தேடியவர்களுக்கே தெரிந்தது. குடம்பியின் படத்தைக் கொண்டு இனங்காணும் மென்பொருள்கள் பிற நாடுகளில் சோதிக்கப்படுகின்றன. எங்களுக்கு அதுவே உடனடியாக உதவும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பெயர்களை நீக்கிய கிராம மட்டத் தரவை யாரிடம் கோர வேண்டும்?

பதில் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்):
நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்று, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுதுங்கள். சில கிராமங்களில் நோயாளி ஒருவரே இருப்பார். வயதும் தொழிலும் சேர்ந்தாலே அவர் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், அவ்விரண்டையும் வெளியிடாதிருப்பீர்கள் என்று அக்கடிதத்திலேயே உறுதியளியுங்கள்.