கையில் பீடி இருந்தால்தான் நிற்க விடுவார்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திருப்பூரில் 11 வருஷம் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன். பீடியை விட்டு 4 வருஷம் ஆகிறது. "இல்லாதப்பட்டவன் எதுக்குக் காசைக் கரியாக்குறான்?" என்று போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் கேட்டார். அங்கே பதில் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது இரவு எட்டரைக்கு. பீஸ் ரேட் என்பதால் மெஷின் நின்றால் கூலியும் நிற்கும். கழுத்தை நெட்டி முறித்தாலே மேஸ்திரி பக்கத்தில் வந்து நிற்பார். டீ டைம் தவிர வெளியே போக ஒரே வழி, "ஒரு பீடி குடிச்சிட்டு வர்றேண்ணே" என்பதுதான். அவரும் குடிக்கிறவர், தலையாட்டிவிடுவார். சும்மா மூச்சு விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், விடவே மாட்டார். எனக்கு முதலில் பிடித்துப்போனது பீடி இல்லை, அந்த ஐந்து நிமிடம்தான்.

பெட்டிக்கடைக் கம்பத்தில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று கனன்றபடியே தொங்கும். நுனியை ஊதினால் சிவக்கும். குனிந்து பற்றவைத்து நிமிரும்போது தோள் கொஞ்சம் இறங்கும். அது பொய் இல்லை.

எப்போது அதிகம் குடிக்கிறேன் என்று ஒரு தடவை காலண்டர் தாளில் குறித்து வைத்தேன். அப்பா இறந்த வாரம்கூட வழக்கமான கணக்குதான். வெள்ளிக்கிழமைகளில்தான் ஒரு கட்டு தீர்ந்து அடுத்த கட்டைப் பிரித்திருந்தேன். சம்பளம் சனிக்கிழமை. வெள்ளியன்று கையில் ஒன்றும் இருக்காது, குழு லோன்காரர் வாசலில் உட்கார்ந்திருப்பார், லைன் வீட்டில் இருக்கிற அத்தனை குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்று தடவை விட்டேன். மூன்றும் வெள்ளிக்கிழமையில்தான் உடைந்தன. நான்காவது தடவை நின்றதும் "உனக்கு மன உறுதி ஜாஸ்தி" என்றார்கள். இல்லை. அந்த வருஷம் மனைவிக்கு மாதச் சம்பள வேலை கிடைத்தது. லோனும் முடிந்தது. வாசலில் வந்து உட்கார ஆள் இல்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து:

அண்ணா, உங்கள் வெள்ளிக்கிழமையைப் படித்ததும் எங்கள் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. அம்மா பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டு, இலையை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு 1000 சுற்றினால்தான் கணக்கு. கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் சரியில்லை என்று ஒரு கைப்பிடியைக் கழித்துவிடுவார்கள். கழிவு கூடின அன்றைக்கு அம்மா வாய் திறக்க மாட்டார். மூட்டை தூக்கிவிட்டு வந்த அப்பா, திண்ணையில் ஒன்றை அணைத்துவிட்டு அடுத்ததைப் பற்றவைப்பார். இரண்டு பேருக்கும் ஒரே கவலை. அம்மாவுக்குக் கை ஓடிக்கொண்டே இருக்கும், அப்பாவுக்குப் புகை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசகராக இருக்கிறேன்:

டெய்லர் அண்ணன் சொன்ன தோள் இறங்குகிற விஷயத்தை நான் தினமும் கேட்கிறேன். நிகோடின் 10, 20 விநாடியில் மூளைக்குப் போய்விடும். சுமார் 2 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு. அடுத்த பீடி அந்தப் படபடப்பைத்தான் முக்கியமாக அடக்குகிறது. மேஸ்திரி கொடுத்த ஓய்வும் பீடி கொடுத்த ஆறுதலும் உள்ளே ஒன்றாகக் கலந்துவிடுவதால் ஆளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. புகையை விட்டு ஆறு வாரமாவது தாண்டியவர்களுக்கு மன இறுக்கம் குறைகிறது என்று 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆனால் அந்த வாரங்களைத் தாண்ட வேண்டுமே! அதற்குள் ஆறு வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. லண்டன் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், பதவி இறங்க இறங்கப் புகைப்பவர்கள் அதிகமாக இருந்தார்கள். அத்தனை பேரும் அரசுச் சம்பளக்காரர்கள்.

முன்பெல்லாம் வருகிறவரிடம் "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று மட்டும் கேட்டு, நுரையீரல் படத்தைக் காட்டி அனுப்பிவிடுவேன். அது போதாது என்று புரிய எனக்கு நாளானது. இப்போது "எந்தக் கிழமை அதிகம்?" என்றும் கேட்கிறேன். விடுகிற நாளைச் சம்பளத்துக்கு மறுநாள் வைக்கச் சொல்கிறேன். 1800 11 2356, புகையிலையை விட உதவுகிற கட்டணம் இல்லாத எண், பீடி பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும். கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

மறுபடியும் திருப்பூர்:

நன்றி மேடம். பழைய கம்பெனியில் என் பக்கத்து மெஷின் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டினேன். இந்த ஞாயிறு விடுகிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ டைமுக்கு நான் அந்த கேட்டுக்குப் போகிறேன். இரண்டு டீ வாங்கிக்கொண்டு கயிறு தொங்காத பக்கமாக ஐந்து நிமிடம் அவனோடு நிற்கப் போகிறேன்.